சித்தப்பாவின் இறப்புச் சான்று

"இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?"

கவுன்ட்டரில் இருந்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சட்டென்று வாய் வரவில்லை. "சித்தப்பா" என்றேன். உடனே "இல்ல, அப்பா" என்றேன். அவர் என் ஆதாரைத் திருப்பிப் பார்த்தார். "இதுல அப்பா பேரு வேற இருக்கே?" பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில், ஊர் பேர் தெரியாத ஆட்களுக்கு நடுவே என் குடும்பக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

கதை இவ்வளவுதான். என்னைப் பெற்றவர் 1974-இல் இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளோடு நின்ற தங்கைக்கு ஒத்தாசையாக, பிள்ளையில்லாத பெரியம்மாவும் பெரியப்பாவும் 1976-இல் என்னைச் சுவீகாரம் எடுத்துத் திருச்சிக்குக் கூட்டிவந்தார்கள். அப்போது எனக்கு வயது ஐந்து. பெரியம்மா அம்மாவானார், பெரியப்பா அப்பாவானார். பெற்றவள் சித்தியானார், பெற்றவர் சித்தப்பாவானார். இனிஷியல் 'கோ' போய் 'வே' வந்தது. அக்கா மட்டும் எந்தக் கணக்கில் பார்த்தாலும் அக்காதான். யாரும் எதையும் மறைக்கவில்லை, லீவுக்கு ஊருக்குப் போவேன், சித்தி பலகாரம் கட்டிக்கொடுப்பார். ஒளித்துவைக்க ஒன்றும் இல்லாததால் காகிதத்தைப் பற்றி யாரும் யோசிக்கவும் இல்லை.

இரண்டு வருடம் முன்பு அக்கா, ஊரில் இருக்கும் பன்னிரண்டு சென்ட் மனையில் வீடு கட்ட வங்கிக் கடனுக்குப் போனார். பெற்றவர் 1969-இல் சொந்தக் காசில் வாங்கிய மனை அது. பட்டா இன்னும் அவர் பேரில்தான் இருந்தது. பட்டா மாற வாரிசுச் சான்று வேண்டும், வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று வேண்டும். ஐம்பது வருடமாக வருஷா வருஷம் திதி கொடுத்தவர்களிடம் இறப்புச் சான்று இல்லை. "நீதான் வேலையை விட்டுட்டுச் சும்மா இருக்கியே, கொஞ்சம் அலைஞ்சு பாரேன்" என்றார் அக்கா.

கவுன்ட்டரில் தடுமாறிய அன்று எனக்குத் தெரியாத ஒரு விஷயம், 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பதிவேட்டில் ஒரு பிறப்பையோ இறப்பையோ தேடச் சொல்லவும், கட்டணம் கட்டி அதன் சான்றைப் பெறவும் 'எவரும்' கேட்கலாம் என்கிறது அது. மகனாக இருக்க வேண்டியதில்லை, வாரிசாக இருக்க வேண்டியதில்லை. இறப்புக்கான காரணத்தை மட்டும் வெளியிட மாட்டார்கள். நான் மகனா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழ வேண்டிய அவசியமில்லை. பெயர், தேதி, இடம் இந்த மூன்றை மட்டும் எழுதி, தேடிப் பார்த்துச் சான்று தரவும் என்று மனு கொடுத்திருந்தால் போதும். நானோ சுவீகாரக் கதையைச் சொல்லி அவரை மிரளவைத்துவிட்டேன். "தத்துன்னா கோர்ட் ஆர்டர் வேணும் சார், ஏஜென்சில லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். காப்பகம் மூலம் வரும் தத்துக்கும், சொந்தத்துக்குள் 1956-ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்புச் சட்டப்படி நடக்கும் சுவீகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பின்னதில் கொடுப்பவர் கொடுத்து, எடுப்பவர் எடுத்துக்கொள்வதுதான் முக்கியம். ஏஜென்சியும் கிடையாது, கடிதமும் கிடையாது. காப்பகம் வழியாக வந்தவர்களுக்குப் பெற்றவர்களின் விவரம் ரகசியம், அதைத் தேடுவதற்கு வேறு விதிமுறை உண்டு. நான் எழுதுவது அவர்களுக்குப் பொருந்தாது.

சரி, அடுத்த முறை ஒழுங்காக மனு எழுதலாம் என்று உட்கார்ந்தால், தேதி தெரியாது. வருஷம் மட்டும்தான் தெரியும். தேதி இல்லாமல் போனால் வருஷம் முழுக்கப் புரட்டச் சொல்ல வேண்டும், புரட்டுகிறவருக்குப் பொறுமை இருக்காது. சித்தியிடம் கேட்டேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. மருந்து சாப்பிட்டதை மறந்துவிட்டு இன்னொரு தரம் சாப்பிடுகிறவர், இதைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"ஆனந்த வருஷம். ஆவணி. தேய்பிறை சப்தமி. ஞாயித்துக்கிழம, வெளக்கு வைக்கிற நேரம்."

"இங்கிலீஷ் தேதி?"

"அதெல்லாம் யாரு பாத்தா?"

ஆனந்த வருஷம் என்றால் 1974 சித்திரையில் தொடங்குவது. அந்த வருட ஆவணியில் தேய்பிறை சப்தமி ஒன்றுதான் வருகிறது, 1974 செப்டம்பர் 8. கிழமை பார்த்தேன், ஞாயிறு. பின்னால் பதிவேட்டில் பார்த்தபோதும் அதே தேதி. உங்கள் வீட்டிலும் யாருக்காவது தேதி தெரியவில்லை என்றால் திதி கேளுங்கள். திதியும் கிழமையும் பொருந்தினால் பழைய பஞ்சாங்கமோ இணையத்தில் இருக்கும் பஞ்சாங்கமோ தேதியைக் கொடுத்துவிடும். சமயத்தில் திதி முந்தின நாள் பாதியில் தொடங்கியிருக்கும், அதனால் ஒரு நாள் முன்பின்னாகத் தேடச் சொல்லுங்கள்.

தேதி கிடைத்தது, இனிப் புத்தகம் எங்கே? அப்போது கிராமத்துப் பிறப்பு இறப்பைப் பதிந்தவர் முன்சீப். 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்த பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஊரோ, சித்தப்பா இறந்தபோது தஞ்சாவூர் மாவட்டம். 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது. 2020-இல் மயிலாடுதுறை மாவட்டம் ஆனது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மாவட்டம்தான் தலைக்கு மேல் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் கேட்டால் தாலுகா ஆபீஸ் என்றார். தாலுகா ஆபீஸில் சார்பதிவாளர் அலுவலகம் என்றார்கள். அங்கே போனால், இந்த ஊர் அப்போது எங்கள் எல்லையில் இல்லை என்றார்கள்.

மூன்று மாதம் இப்படியே போன பிறகு, பக்கத்து வீட்டுத் தலைமையாசிரியர் ஒரு யோசனை சொன்னார். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. அதில் சான்று கேட்கக் கூடாது, கேட்டால் அதற்குத் தனி நடைமுறை உண்டு என்று தட்டிவிடுவார்கள். "இன்ன கிராமத்தின் 1970 முதல் 1980 வரையிலான பிறப்பு இறப்புப் பதிவேடுகள் தற்போது எந்த அலுவலகத்தின் பாதுகாப்பில் உள்ளன?" இந்த ஒரு கேள்வி மட்டும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. அதுவரை யாரும் வாய் திறந்து சொல்லாத அலுவலகத்தின் பெயர் அதில் இருந்தது. அந்தக் கடிதத்தோடு போனேன், நாலே நாளில் சான்று கையில். எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு அலுக்காத யோசனை இது.

அக்கா இறப்புச் சான்றை இணைத்து இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தார். வாரிசுகள் என்று சித்தி பேரையும் தன் பேரையும் மட்டும் போட்டிருந்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது யாரோ ஒரு கிழவர், "ஒரு பய இருந்தானே, திருச்சிக்குக் குடுத்தாங்களே" என்று சொல்லிவிட்டார். மகன் ஒருவர் தத்து கொடுக்கப்பட்டதாகத் தெரிகிறது, ஆவணம் தேவை என்று குறிப்பு எழுதி மனு திரும்பி வந்தது. அக்காவுக்குக் கோபம். "அவன் போயாச்சு, அவனுக்கு இங்க என்ன?"

வங்கியின் வக்கீல்தான் விளக்கினார். சுவீகாரம் போன நாளிலிருந்து பிறந்த வீட்டு உறவு சட்டப்படி அறுந்துவிடுகிறது, வாஸ்தவம். ஆனால் அந்த 1956 தத்தெடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. சுவீகாரத்துக்கு முன்பே பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிட்ட சொத்து அவனிடமே இருக்கும். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்த அந்த நிமிஷமே மனைவி, மகள், மகன் மூவருக்கும் பங்கு வந்துவிட்டது. இறப்பு 1974, சுவீகாரம் 1976. நடுவில் இரண்டு வருடம் நான் அந்த வீட்டுப் பிள்ளை, அந்த மனையில் மூன்றில் ஒரு பங்குக்காரன். சுவீகாரம் அதைப் பறிக்கவில்லை. சாவு சுவீகாரத்துக்குப் பின்னால் நடந்திருந்தால் எனக்கு அங்கே ஒன்றும் இருந்திருக்காது. இரண்டு தேதிகளில் எது முந்தி என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு இதைவிடச் சிக்கல், அதற்கு வக்கீல் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

எனக்கு அந்த மனை வேண்டாம். அக்காவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிடத் தயார். ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் அது என்னுடையது என்று காட்ட வேண்டுமே! ஆக, நான் பெற்றவரின் மகன்தான் என்பதற்கு ஒரு காகிதம், போனவன்தான் என்பதற்கு இன்னொரு காகிதம்.

இரண்டாவதை முதலில் தேடினேன். சுவீகாரப் பத்திரம் பதிவு செய்யப்பட்டது என்று தெரியும். அதன் அசல், அப்பா வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தது. 1977 நவம்பரில் திருச்சியை மூழ்கடித்த வெள்ளத்தில் எங்கள் உறையூர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பெட்டியில் இருந்தது எல்லாம் கூழ். சரி, பதிவானது எங்கே போய்விடும் என்று வில்லங்கச் சான்று போட்டேன். ஒன்றும் வரவில்லை. வருஷத்தை முன்னும் பின்னும் நீட்டினேன், வரவில்லை. பதிவே ஆகவில்லையோ, வீட்டில் சும்மா சொல்லிவைத்தார்களோ என்று ஒரு வாரம் தூக்கமில்லை.

அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் உட்காரும் வயதான பத்திர எழுத்தர் ஒருவர் சிரித்தார். "தம்பி, வில்லங்கம் பாக்கிறது ஒண்ணாம் புக்கு. நெலம் வீடு மட்டும். தத்துப் பத்திரத்துல நெலம் எங்க இருக்கு? அது நாலாம் புக்கு."

நான்காம் புத்தகத்தை எல்லாரும் பார்க்க முடியாது. பத்திரம் எழுதிக்கொடுத்தவர்களோ, அதன் கீழ் உரிமை கோருகிறவர்களோ, அவர்களின் பிரதிநிதிகளோதான் நகல் கேட்க முடியும். இறப்புப் பதிவுக்கு நேர் எதிர். அங்கே நான் யார் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே நான் யார் என்று சொன்னால்தான் கதவு திறக்கும். அந்தப் பத்திரத்தில் கொடுக்கப்பட்ட பிள்ளையே நான்தான் என்று மனுவில் எழுதினேன். அப்பா அம்மா இருவரின் இறப்புச் சான்று, என் அடையாள அட்டைகள் எல்லாம் வைத்தேன். கூடவே சித்தியையும் கூட்டிப்போனேன், எழுதிக்கொடுத்தவர்களில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தானே. பெயர்க் குறிப்பேட்டில் அப்பாவின் பெயரில் தேடி, கிடைக்காமல், சித்தியின் பெயரில் கிடைத்தது. இரண்டு தரப்புப் பெயரிலும் தேடச் சொல்லுங்கள். 'சாமி' என்பதை 'ஸாமி' என்று எழுதிய காலம் அது.

நகல் நாலு பக்கம். "என் வயிற்றில் உதித்த சிரஞ்சீவியை இன்று முதல் உங்களுக்கு சுவீகார புத்திரனாக மனப்பூர்வமாய்த் தத்துக் கொடுத்து" என்று போகிறது. பெற்ற தகப்பன் பெயர், அவர் காலமான தேதி, என் பழைய இனிஷியல், புது இனிஷியல் எல்லாம் ஒரே தாளில் இருந்தன. வக்கீல் அதைப் படித்துவிட்டு, "இது ஒண்ணே பாதி வேலையை முடிச்சிடும்" என்றார். கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்டுப் பதிவான பத்திரம் இருந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை சுவீகாரம் முறைப்படி நடந்தது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

சித்தி கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நகல் என்பதால் கையெழுத்து இருந்த இடத்தில் எழுத்தர் எழுதிய பெயர்தான் இருந்தது. "இது என் கையெழுத்து இல்லையே" என்றார். விளக்கிச் சொன்னேன். "அப்படியா" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். நானும் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்தது பிறப்புச் சான்று. இதில் ஒரு மாதம் வீணானது முழுக்க என் முட்டாள்தனம். பெற்றவரின் ஊரிலேயே தேடிக்கொண்டிருந்தேன். பிறப்பு நடந்த ஊரில்தானே பதிவாகும்! பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம், நான் பிறந்தது தாத்தா ஊரில். அங்கே தேடியதும் கிடைத்தது. என் பெயர் மட்டும் இல்லை. 1971-இல் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள், பெயர்க் கட்டம் காலி. 'ஆண்', தகப்பனார் பெயர், தாயார் பெயர், தேதி, அவ்வளவுதான். பழைய பதிவுகளைத் தேடும்போது உங்கள் பெயரைச் சொன்னால் இல்லை என்றுதான் பதில் வரும். தகப்பன் பெயரையும் தேதியையும் சொல்லுங்கள்.

அந்தப் பெயரில்லாத ஆண் குழந்தை நான்தான் என்பதற்கு எது சாட்சி? பள்ளிக்கூடம். ஊர்ப் பள்ளியில் 1976 ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்து, ஆகஸ்டில் சுவீகாரம் ஆனதும் திருச்சிப் பள்ளிக்கு மாறினேன். இரண்டு சேர்க்கைப் பதிவேட்டிலும் பிறந்த தேதி ஒன்று. திருச்சிப் பதிவேட்டில் 'முன்பு படித்த பள்ளி' என்ற கட்டத்தில் ஊர்ப் பள்ளியின் பெயர் இருந்தது. அரசுப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் சேர்க்கைப் பதிவேட்டை லேசில் தூக்கிப் போட்டுவிட மாட்டார்கள், போய்க் கேளுங்கள். ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை பீரோவைத் திறந்து தூசி தட்டி எடுத்தார். 'கோ' இனிஷியலோடு என் பெயர். நேராகச் சிவப்பு மையில் 'மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றார்'. இரண்டு பதிவேட்டின் சான்றும், பத்திர நகலும் வைத்து, கோ. இன்னாரும் வே. இன்னாரும் ஒரே நபர் என்று சான்று வாங்கினேன். ஊரில் இதை 'ஒன் அண்ட் சேம்' என்றால்தான் புரிகிறது.

முடிந்தது என்று நினைத்தபோது வக்கீல் இன்னொன்று கேட்டார். இறந்தவரின் தாயாரும் முதல் வகுப்பு வாரிசு, அவர் மகனுக்கு முன்பே போனாரா பின்னாலா? முன்பே, 1968-இல். பதிவேட்டில் இல்லை. பதிவு இல்லை என்று எழுத்தில் சான்று வாங்கி, அதை வைத்துக் கோட்டாட்சியரிடம் மனு. ஓராண்டுக்கு மேல் பதியாமல் விட்ட பிறப்பு இறப்புக்கு அந்த உத்தரவு வேண்டும். உறுதிமொழிப் பத்திரம், வி.ஏ.ஓ. அறிக்கை, ஆர்.ஐ. எனும் வருவாய் ஆய்வாளர் அறிக்கை, இரண்டு சாட்சி. சாட்சிக்கு வந்த பெரியவர் விசாரணையில், "ஆத்தா செத்தப்போ நான் கொட்டடிக்கிறவன் பின்னாலயே சுடுகாடு வரைக்கும் ஆடிக்கிட்டுப் போனேன் சார், எங்கப்பா அடி பின்னிட்டாரு, மறக்குமா" என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். உத்தரவு வர ஏழு மாதம் ஆனது. ஐம்பது வருஷம் முந்தைய சாவுக்கு இப்போது வாரிசுச் சான்றா என்று தாலுகாவில் இழுத்தடித்தது தனிக்கதை. அதை எழுதினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

போன தை மாதம் சான்று வந்தது. மூன்று பெயர். என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மகன் - 1976-இல் தத்து கொடுக்கப்பட்டவர்'.

விடுதலைப் பத்திரம் எழுதும்போது எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு, "உங்களுக்கும் அவங்களுக்கும் உறவுமுறை என்ன போடறது?" என்று கேட்டார். காகிதப்படி நான் பெரியம்மா மகன். அக்கா என்னைப் பார்த்தார். "உடன்பிறந்து சுவீகாரம் போன தம்பின்னு எழுதுங்க" என்றார். எழுத்தர் அப்படியே எழுதினார். அப்புறம் சித்தி பக்கம் திரும்பி, "நீங்க சாட்சி போடறீங்களாம்மா?" என்றார். சித்தி பேனாவை வாங்கி, போன தடவை நகலில் தேடிக் கிடைக்காத அந்தக் கையெழுத்தை, ஒவ்வொரு எழுத்தாக, வெகு நேரம் எடுத்துப் போட்டார்.